மூன்றாவது நிபந்தனை

உட்காருறேன் சார். காபி வேண்டாம், நேரம் இல்லை. விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். திங்கக்கிழமை காலையில நேர்காணல். அதுக்கு முன்னாடி ஹைகோர்ட்டுல ஸ்டே வாங்கணும். இன்னைக்கு வெள்ளி. இன்னைக்கு மனுப் போட்டாத்தான் உண்டு. இல்லைன்னா இத்தனை வருஷ சர்வீஸும் குப்பைக்குப் போயிடும்.

பேரு தெய்வநாயகம். குடிநீர் வாரியத்துல உள்தணிக்கை இயக்குநர்.

என்ன சார், வாரியம்னதும் கையைத் தூக்குறீங்க? ஃபீஸ் பத்தியா? நீங்க கேக்குறதைக் குடுத்துடறேன். மதுரையில சர்வீஸ் கேஸுன்னா உங்க பேரைத்தான் சொல்றாங்க. முதல்ல நான் முழுசாச் சொல்லிடறேன், அப்புறம் நீங்க பேசுங்க. நான் எதையும் மறைக்கிற ஆளில்லை.

இயக்குநர்னு சொன்னேன்ல, அதுல ஒரு சின்னத் திருத்தம். பொறுப்பு இயக்குநர். என் அறை வாசல்ல பலகை இருக்கு. 'இயக்குநர்'னு எழுதி, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள 'பொ'. ஒன்பது வருஷமா அந்தப் 'பொ' அங்கேயே நிக்குது. வேலை முழு இயக்குநர் வேலை, கையெழுத்து இயக்குநர் கையெழுத்து, சம்பளம் மட்டும் பழைய சம்பளம். வீட்டுல கேப்பா, "எல்லாருக்கும் வயசானா பதவி வரும், உங்களுக்கு மட்டும் பிராக்கெட் வந்திருக்கு"ன்னு. சிரிச்சுட்டுப் போயிடுவேன். வேற என்ன செய்ய? இத்தனை வருஷமா அந்தப் பதவிக்குத் தகுதி விதியே எழுதலை. விதி இல்லாம நியமனம் இல்லை. விதி எழுதுங்க, எழுதுங்கன்னு நான்தான் குறிப்பு மேல குறிப்பா வெச்சேன்.

இப்ப எழுதிட்டாங்க. எழுதி, என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

அடுத்த மாசம் எனக்கு ஓய்வு சார். இயக்குநராத் தேர்வானா மூணு வருஷ நியமனம். இதை விட்டா எனக்கு வேற வாய்ப்பு கிடையாது. திங்கக்கிழமை வெளியாள் ஒருத்தன் வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டா, நான் பொறுப்பாவே வந்து பொறுப்பாவே போனவன். அவ்வளவுதான்.

அறிவிப்புல மூணு நிபந்தனை. ஒண்ணு, சி.ஏ. முடிச்சிருக்கணும், இல்லைன்னா காஸ்ட் அக்கவுண்ட்ஸ். வாரியத்துக்குள்ளயே இருக்கிறவங்களுக்குத் துறைத் தேர்வு போதும். அது நான் எப்பவோ பாஸ். ரெண்டாவது, தணிக்கையில பதினஞ்சு வருஷ அனுபவம். எனக்கு அதைப் போல ரெண்டு மடங்கு இருக்கு. மூணாவதுதான் சார் கழுத்தறுப்பு. மனப்பாடமாவே ஆயிடுச்சு. 'விண்ணப்பதாரர், கடந்த ஐந்து ஆண்டுகளில், தமது பிரிவு எழுப்பிய தணிக்கைத் தடை எதற்கும் பதில் தயாரிப்பதில் எவ்வகையிலும் பங்கு பெற்றிருக்கக் கூடாது.'

எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? படிப்பு கேப்பாங்க, அனுபவம் கேப்பாங்க. இன்னதைச் செஞ்சிருக்கக் கூடாதுன்னு ஒரு தகுதியா? ஒருத்தன் அளவுக்குத் தைச்ச சட்டையைப் பாத்திருக்கோம். இது ஒருத்தனுக்கு மட்டும் சேரக் கூடாதுன்னு தைச்ச சட்டை. கோர்ட்டு இதைக் கேக்காதா?

செஞ்சீங்களான்னா கேக்குறீங்க? செஞ்சேன் சார். அதுல என்ன இருக்கு?

அந்த நடைமுறை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நாங்க ஒரு ஆபீசுக்குத் தணிக்கைக்குப் போனா, தாளை நீளவாக்குல ரெண்டா மடிப்போம். இடது பாதியில எங்க கேள்வி, அதுக்குப் பேருதான் தணிக்கைத் தடை. இந்தச் சாமான் எங்கே, இந்தச் செலவுக்கு யார் அனுமதின்னு. வலது பாதி காலியா இருக்கும். சம்பந்தப்பட்ட அதிகாரி அதுல பதில் எழுதித் திருப்பித் தரணும். பதில் சரியா இருந்தா ஏத்துக்கிட்டு முடிச்சிடுவோம். சரியில்லைன்னா தடை தீராது. நிலுவையில நிக்கும்.

இதுல என்ன கஷ்டம்னா, எங்க இன்ஜினியர்களுக்குப் பதில் எழுதத் தெரியாது. குழாய் பதிப்பாங்க, தொட்டி கட்டுவாங்க, நாலு வரி எழுதச் சொன்னா வேர்த்துப் போயிடும். ஒரு உதவிப் பொறியாளர் 'சாமான் காணோம்'னே எழுதியிருந்தான் சார்! அப்படியே! 'சாமான் காணோம்', கீழ கையெழுத்து, தேதி. இதை மேல அனுப்பினா அவன் கதி என்ன, வாரியத்து மானம் என்ன? கூப்பிட்டு, "ஏண்டா, இப்படியா எழுதுவே? 'இருப்பு சரிபார்க்கப்பட்டு வருகிறது'ன்னு எழுதணும்டா"ன்னேன். அவன், "அப்படின்னா என்ன அர்த்தம் சார்?"ங்கிறான். "காணோம்னுதான் அர்த்தம், எழுது"ன்னேன்.

அப்படி ஆரம்பிச்சது. ஒருத்தனுக்குச் சொல்லிக் குடுத்தேன், அப்புறம் பத்துப் பேர் வந்தாங்க. சொல்லிச் சொல்லி எழுத வைக்கிறதுக்கு நாமளே எழுதிடலாம்னு ஆச்சு. இடது பக்கம் கேள்வி நான், வலது பக்கம் பதில் நான், அடியில 'பதில் ஏற்கப்பட்டது'ன்னு முடிக்கிறதும் நான். அவங்க கையெழுத்து மட்டும் போடுவாங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா கூட்டமர்வு வைப்போம். தணிக்கைப் பிரிவும் இன்ஜினியர்களும் எதிரெதிரா உட்கார்ந்து நிலுவையைத் தீர்க்கிற கூட்டம். மத்த வாரியத்துல அது ரெண்டு நாள் சண்டையா நடக்கும். எங்ககிட்ட மத்தியானம் பிரியாணியோட முடிஞ்சிடும். நிலுவையே இல்லாத வாரியம்னு கேடயம் குடுத்தாங்க. எம்.டி. அறையில கண்ணாடி அலமாரியில இருக்கு. யாரால வந்த கேடயம்? இந்த எம்.டி. அம்மா வந்து அதைப் பார்த்துட்டு, "நிலுவையே இல்லாம ஒரு தணிக்கையா?"ன்னு கேட்டாங்க. பாராட்டுறாங்கன்னுதான் நினைச்சேன். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்"னு சொன்னேன்.

ஃபோன் அடிக்குது, மன்னிச்சுக்குங்க. கதிரேசன். செயற்பொறியாளர். காலையில இருந்து இவன் ஒரு தொல்லை. அடிச்சு ஓயட்டும்.

சரி, இந்த மூணாவது நிபந்தனை எப்படி முளைச்சதுன்னு சொல்றேன். அதுக்கு நஸ்ரினைச் சொல்லணும். எங்க பிரிவுல சின்னத் தணிக்கையாளர். கெட்டிக்காரப் பொண்ணு, ஆனா எதையும் போய்த் தொட்டுப் பாக்கணும் அதுக்கு. நாங்கல்லாம் ஒரு நீரேற்று நிலையத்துக்குத் தணிக்கைக்குப் போனா ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து இருப்புப் பதிவேட்டைப் பார்ப்போம், இளநி குடிப்போம், கிளம்புவோம். இது நேரா உள்ள போயி, "அலமாரிச் சாவி எங்கே?"ன்னு கேட்டிருக்கு.

அந்த நிலையத்துல குளோரின் சிலிண்டர் இருக்கு. தண்ணியில கலக்குறது. வாயு கசிஞ்சா போட்டுக்கிறதுக்கு முகமூடி வெச்சிருக்கணும். பதிவேட்டுல நாலு முகமூடி. அலமாரியைத் திறந்தா ரெண்டு விளக்கமாறும் ஒரு பழைய சேலையும் இருந்துச்சாம். இடது பக்கத்துல எழுதிட்டா. 'முகமூடிகள் எங்கே?'

நிறுத்தச் சொல்றீங்களா? தண்ணி குடிங்க சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே உங்களுக்கு. இருங்க, இன்னும் கொஞ்சம்தான். இதுதான் கேஸுக்கே முக்கியமான இடம்.

கதிரேசன் ஓடி வந்தான். "அண்ணே, இதுக்கு என்னண்ணே எழுதுறது?" முகமூடி எங்கடான்னேன். "வாங்கினப்ப இருந்துச்சுண்ணே"ன்னான். அதுக்கு மேல நான் கேக்கலை. கேட்டுப் பிரயோஜனம் இல்லை. வலது பக்கத்துல எழுதினேன்: 'முகமூடிகள் பழுது நீக்கத்துக்கு அனுப்பப்பட்டுள்ளன. வரப்பெற்றதும் தணிக்கைக்குக் காட்டப்படும்.' நல்ல வாசகம் சார். அதுல யாரும் ஒரு எழுத்தைக்கூட அசைக்க முடியாது. கதிரேசன் கையெழுத்துப் போட்டான், நான் ஏத்துக்கிட்டு முடிச்சேன்.

நஸ்ரின் வந்து நின்னா. "சார், பழுது பாக்க எந்தக் கம்பெனிக்கு அனுப்பியிருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுரலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஏம்மா, பதிலை எழுதினதே நான். எனக்கே தெரியாது, அவங்களுக்கு எப்படித் தெரியும்?"னேன்.

அது சிரிக்கலை. கொஞ்ச நேரம் என்னையே பாத்துச்சு. அப்புறம், "அப்ப முகமூடி, சார்?"னு கேட்டுச்சு. "வரும்மா, போய் வேலையைப் பாரு"ன்னு அனுப்பிட்டேன். அந்தப் பார்வையிலயே நான் உஷாரா இருந்திருக்கணும். எம்.டி.கிட்ட போய் வத்தி வைக்கப் போற பார்வை அது. அப்ப புரியலை.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் போயிருக்கும். அந்த நிலையத்துல சிலிண்டர் கசிஞ்சிடுச்சு.

பேப்பர்ல வந்துதே, படிச்சிருப்பீங்க. பக்கத்துல பள்ளிக்கூடம். காலைப் பிரார்த்தனை நேரம், பிள்ளைங்க எல்லாம் மைதானத்துல நிக்குதுங்க. டியூட்டியில இருந்தவன் இருதயராஜ். ஆபரேட்டர். அலமாரிக்கு ஓடியிருக்கான். அங்க என்ன இருக்கும்? துண்டைத் தண்ணியில நனைச்சு மூஞ்சியில கட்டிக்கிட்டு, உள்ள போயி வால்வை மூடிட்டான். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலை. சாமி புண்ணியம். இவனுக்குத்தான் நெஞ்சு போயிடுச்சு. இப்ப பத்தடி நடந்தா உட்கார்ந்துடறான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் சார். இன்ஜினியர் ஒருத்தனும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை, தணிக்கைக்காரன் நான் போனேன், ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கிட்டு. மூக்குல குழாய். அவன் சம்சாரம் ஸ்டெல்லா பக்கத்துல. என்னைப் பார்த்ததும் குழாயைக் கொஞ்சம் நகர்த்திட்டுப் பேசினான். பேச்சு விட்டு விட்டுத்தான் வந்துச்சு. "சார்... மாஸ்க்கு சர்வீஸுக்குப் போயிருக்குன்னு போட்டிருக்காமே... எப்ப சார் வரும்?"

பாருங்க, அந்த நெலமையிலயும் வாரியத்துச் சாமானைப் பத்திக் கவலைப்படுறான். மனசுக்குச் சங்கடமாப் போச்சு. "சீக்கிரம் வந்துடும்ப்பா, நீ உடம்பைப் பாத்துக்க"ன்னு சொன்னேன். அந்த அம்மா ஆரஞ்சுப் பையை எடுத்து என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டா. "வீட்டுல பிள்ளைங்களுக்குக் குடுங்க சார்"னா. எனக்குப் பிள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல. அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சனங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி.

கசிவுக்கப்புறம் எம்.டி. அம்மா எல்லாரையும் கூட்டி விசாரிச்சாங்க. பெரிய மேசை, சுத்தி அத்தனை அதிகாரியும். "முகமூடி பத்தின கேள்விக்குப் பதில் எழுதினது யாரு?"ன்னாங்க. கதிரேசன் மேசையையே பாத்துக்கிட்டு இருக்கான். பாவமா இருந்துச்சு. நான்தான் எந்திரிச்சேன். "நான்தான் மேடம். இந்த வாரியத்துல எல்லாப் பதிலும் நான் எழுதினதுதான். அதனாலதான் நிலுவையே இல்லை"ன்னேன். எத்தனை அதிகாரி இப்படித் தைரியமாப் பேசுவான் சொல்லுங்க? அந்த அம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு, "எல்லாப் பதிலுமா?"ன்னு கேட்டாங்க. "எல்லாமும் மேடம்"னேன்.

அடுத்த மாசமே விதி வந்துடுச்சு. மூணாவது நிபந்தனையோட. நான் எந்திரிச்சுச் சொன்னதையே எடுத்து எனக்கு எதிரா விதியா எழுதிட்டாங்க. இதைவிட உள்நோக்கத்துக்கு என்ன சார் ஆதாரம் வேணும்?

திரும்பக் கதிரேசன். இவனை என்ன சொல்றது! சரி, இவன் கதையையும் சொல்லிடறேன், உங்களுக்கு உபயோகப்படும். அவனுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கு, பதினேழு பி. வேலையே போகலாம். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை, சோறு இறங்கலைன்னு அழுதான். "அண்ணே, இதுக்கும் நீங்கதாண்ணே"ன்னான். எனக்கு மனசு கேக்கலை. உட்கார்ந்து எழுதிக் குடுத்தேன். போன வாரம் குடுத்துட்டான். ரொம்ப நல்லா வந்திருக்கு. முக்கியமான வரி என்னன்னா, 'என்னுடைய பதிலைத் தணிக்கைப் பிரிவே ஆராய்ந்து, சரியென ஏற்று முடித்துவிட்ட நிலையில், முகமூடிகள் இல்லாமைக்கு என்னைப் பொறுப்பாக்க இயலாது.' எப்படி? அதுக்கு மேல ஒரு விசாரணை அதிகாரியும் வாயைத் திறக்க முடியாது.

என்ன கேக்குறீங்க? அப்ப பொறுப்பு யாருன்னா?

அது... அது அந்தக் குறிப்பாணையில கேக்கலையே சார். கேக்காததுக்கு நாம ஏன் பதில் எழுதணும்?

தணிக்கைப் பிரிவுன்னா யாருன்னு கேக்குறீங்க. தணிக்கைப் பிரிவுன்னா பிரிவு. அதுல பல பேர் இருக்காங்க. ஆமா, ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டது நான். ஆனா அந்தப் பதிலை எழுதினது கதிரேசனுக்காக, கதிரேசனா இருந்து. ஏத்துக்கிட்டது தணிக்கையா இருந்து. ரெண்டும் வேற வேற வேலை. அதை நான் எப்பவும் குழப்பிக்கிட்டது இல்லை. அதனாலதான் காலையில அவன் இத்தனை தடவை கூப்பிடுறானோ? விசாரணையில அந்த வரியைப் படிச்சுட்டு என் பேரைக் கேட்டிருப்பாங்களோ? சொல்லியிருப்பான். கோழை.

பரவாயில்லை. இயக்குநர் நாற்காலியில உட்கார்ந்துட்டா இதையெல்லாம் பாத்துக்கலாம். அந்த விசாரணை அறிக்கையே தணிக்கை இயக்குநர் கருத்துக்குத்தான் வரும். அதனாலதான் சொல்றேன் சார், இன்னைக்கே மனுப் போட்டாகணும். மணி என்ன? பத்தாகப் போகுதே. கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டாமா?

சொல்லுங்க. இப்ப நீங்க பேசுங்க, நான் கேக்குறேன்.

முடியாதுன்னா?

ஏன்?

இருதயராஜுக்கா?

நீங்களா சார் இருதயராஜுக்கு ஆஜராகுறீங்க? வாரியத்து மேல நஷ்டஈடு கேட்டுப் போட்டிருக்கிற கேஸு உங்களுதா? நான் வந்ததும் கையைத் தூக்கினது அதுக்குத்தானா? ரெண்டு தடவை நிறுத்தச் சொன்னேங்கிறீங்க. சொன்னீங்க, வாஸ்தவம்தான். நான் ஃபீஸுன்னு நினைச்சேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. இதுல என்ன முரண்பாடு? அவனும் வாரியத்தை எதிர்த்துத்தான் போறான், நானும் வாரியத்தை எதிர்த்துத்தான் போறேன். ரெண்டுக்கும் ஒரே வக்கீல்னா வேலை சுலபம்.

சரி, இன்னொரு விஷயம். அவன் கேஸுக்கு வாரியம் பதில் மனுப் போடணும்ல? அதோட வரைவு யார்கிட்ட வந்திருக்குன்னு நினைக்கிறீங்க? என் மேசையில இருக்கு. வேற யாருக்கு எழுதத் தெரியும்? இப்போதைக்கு, 'முகமூடி வழங்கப்பட்டிருந்தும் ஊழியர் அணியத் தவறினார்'னு எழுதி வெச்சிருக்கேன். அது வழக்கமான வாசகம், மனசுல வெச்சுக்காதீங்க. இன்னும் அனுப்பலை. நீங்க எனக்கு இந்த ஸ்டேயை வாங்கிக் குடுங்க, நான் அதை மாத்திடறேன். இருதயராஜ் ஜெயிக்கிற மாதிரியே எழுதித் தர்றேன். எந்த வரி எப்படி வேணும்னு நீங்களே சொல்லுங்க. அவனுக்குப் பணம் கிடைக்கும், உங்களுக்குக் கேஸு ஜெயிக்கும், எனக்கு நாற்காலி. யோசிச்சுப் பாருங்க, இதுல யாருக்கு நஷ்டம்?

ஏன் சார் எந்திரிச்சிட்டீங்க?

நான் சொன்னதை இன்னொருக்கா சொல்லணுமா? எதுக்கு? யார்கிட்ட? கோர்ட்டுலயா?

சொல்றேனே. எனக்கென்ன பயம்? எழுதினது நான்தான்னு எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன். ஆனா அது அவன் கேஸுல சாட்சிக் கூண்டுல நின்னு சொல்றது. அதுல எனக்கு ஸ்டே எப்படிக் கிடைக்கும்? சார்? கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னா எப்படி? உட்காருங்க சார். மூணாவது நிபந்தனைக்கு நாம இன்னும் ஒரு வரிகூட எழுதலை.